பியோங்யாங்கின் அடுத்த வாரிசும் அந்த இரண்டு நாள் மௌனமும்

செந்தூல் ஆசிரியர் (இழையைத் தொடங்கியவர்)

கடந்த ஞாயிற்றுக்கிழமை கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் எங்கள் வாசகர் வட்டம் கூடியபோது, வட கொரியாவின் கிம் ஜோங் உன்னுக்குத் திடீரென்று ஏதேனும் நேர்ந்தால் போர் மூளுமா என்று ஒருவர் கேட்டார். ஆளுக்கொரு பதில் சொன்னோம். நாற்காலிகளை அடுக்கிவைக்கும்போதும் பேச்சு ஓயவில்லை. முப்பது ஆண்டுகள் இடைநிலைப்பள்ளியில் வரலாறு கற்பித்தவன் என்பதால், அன்று அரைகுறையாகச் சொன்னதை இங்கே ஒழுங்காக எழுதிவைக்க விரும்புகிறேன். உடன்படாதவர்கள் தயங்காமல் மறுக்கலாம்.

அந்த நாட்டில் தலைமை இருமுறை கைமாறியிருக்கிறது. 1994 ஜூலை 8 அன்று கிம் இல் சுங் இறந்தார். அதற்கு முந்தைய மாதம்தான், யோங்பியோன் அணு உலையை முன்னிட்டு அமெரிக்கா தாக்கக்கூடும் என்ற அளவுக்கு நிலைமை முற்றி, முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டர் நேரில் சென்று பேசித் தணித்திருந்தார். தென் கொரிய அதிபர் கிம் யோங் சாமுடன் உச்சநிலைச் சந்திப்புக்கு நாளும் குறித்தாகிவிட்டது. அந்த வேளையில் மரணம் வந்தது, சியோல் அரசு இரங்கல் தெரிவிக்கவில்லை, கசப்பு பெருகியது. ஆயினும் அதே ஆண்டு அக்டோபர் 21 அன்று ஜெனிவாவில் அமெரிக்காவும் வட கொரியாவும் அணு உடன்பாட்டில் கையெழுத்திட்டன. புதிய தலைவர் கிம் ஜோங் இல் போருக்குப் போகவில்லை.

இரண்டாவது மாற்றம் 2011-இல் நேர்ந்தது. கிம் ஜோங் இல் டிசம்பர் 17 அன்று காலமானார். அந்தச் செய்தியை உலகுக்கு அவர்கள் அறிவித்தது டிசம்பர் 19 நண்பகலில். இடைப்பட்ட இரண்டு நாள்களில் தென் கொரிய அதிபர் லீ மியுங் பாக் ஜப்பானின் கியோட்டோவுக்குச் சென்று பிரதமரைச் சந்தித்துவிட்டுத் திரும்பியிருந்தார். அணுவாயுதம் வைத்திருக்கும் அண்டை நாட்டின் தலைவர் உயிருடன் இல்லை என்பது அவருக்குத் தெரியாது. அவருடைய உளவுத்துறைக்கும் தெரியாது. அமைதியாகக் கடந்துபோனதால் நாம் மறந்துவிட்ட அந்த இரண்டு நாள்களைத்தான் நான் அஞ்சுகிறேன். வாரிசு யார் என்ற கேள்வியைக் காட்டிலும், வாரிசு யார் என்று வெளியில் எவருக்கும் தெரியாத அந்த மணிநேரங்களில் யார் எதைத் தவறாகப் புரிந்துகொள்வார்கள் என்ற கேள்வியே பெரியது.

பாயான் லெப்பாஸ் வாசகி

வணக்கம் ஐயா. இருமுறை போர் வரவில்லை என்பதால் மூன்றாம் முறையும் வராது என்று எடுத்துக்கொள்ளலாமா? கிம் ஜோங் இல்லுக்குப் பின்னால் ஏறத்தாழ இருபது ஆண்டுப் பயிற்சி இருந்தது; 1980 கட்சி மாநாட்டிலேயே அவரை ஊரறிய முன்னிறுத்திவிட்டார்கள். கிம் ஜோங் உன்னுக்கு அதில் கால் பங்குகூடக் கிடைக்கவில்லை. அடுத்தவருக்கு எத்தனை மாதம் கிடைக்கும்?

எனக்கு இது தொலைதூரச் செய்தி அன்று. பினாங்கில் சில்லுகளைப் பொதிந்து சோதிக்கும் தொழிற்சாலை ஒன்றில் உற்பத்தித் திட்டமிடல் பிரிவில் இருக்கிறேன். 2011 மார்ச்சில் ஜப்பானில் நிலநடுக்கம் வந்தபோது நான் வேலைக்குப் புதியவள். சில்லுகளின் அடித்தளத் தகடுகளுக்கு வேண்டிய ஒருவகை ரெசின் பெரும்பாலும் அங்கிருந்துதான் வந்தது என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது. இன்னும் எத்தனை நாளுக்குச் சரக்கு இருக்கிறது என்று மேலதிகாரி வெள்ளைப் பலகையில் எழுதிவைத்து, காலைதோறும் அந்த எண்ணை அழித்து ஒன்று குறைத்து எழுதுவார். அது ஒரு நாட்டின் ஒரு பகுதியில் நேர்ந்த பேரிடர். தென் கொரிய மக்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் சியோலிலும் அதைச் சுற்றிலும் வாழ்கிறார்கள். அந்த நகரம் எல்லைக்கோட்டிலிருந்து ஐம்பது கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. உலகின் நினைவகச் சில்லுகளில் பெரும்பகுதியைச் செய்வது அந்த நாடு. அங்கே குண்டு விழுந்தால் பலகையில் எழுதவே எண் இருக்காது. உயிரிழப்போடு ஒப்பிட்டால் இது சிறிது என்பதை அறிவேன். இருந்தாலும் நம் ஊரில் எத்தனை குடும்பங்களின் சம்பளம் அந்தப் பலகையைச் சார்ந்திருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும்.

சுங்கை பூலோ தந்தை

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். தலைமை மாற்றத்தின் வன்முறை தலைவர் இறக்கும் நாளில் மட்டும் நிகழ்வதில்லை. ஐந்தாறு ஆண்டுகள் கழித்தும் நிகழும். அதுவும் நம் வீட்டு வாசலில். 2017 பிப்ரவரி 13 காலை, சிப்பாங் விமான நிலையத்தின் இரண்டாம் முனையத்தில் கிம் ஜோங் நாம் கொல்லப்பட்டதை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். ஆட்சியில் இருப்பவருக்கு, அதே தந்தைக்கு வேறு தாயிடம் பிறந்த அண்ணன் அவர். மூன்றாம் தலைமுறைக்கும் ஆட்சி பரம்பரையாகப் போவதைத் தாம் ஏற்கவில்லை என்று 2010-இல் ஜப்பானியத் தொலைக்காட்சியிடம் சொன்னவர். மக்காவுக்குப் போகக் காத்திருந்தவரின் முகத்தில் இரண்டு பெண்கள் வி எக்ஸ் என்னும் நரம்பு நஞ்சைப் பூசினார்கள். அவர் தம் கால்களாலேயே நடந்து உதவி மேசைக்குப் போனார், கிளினிக்குக்குப் போனார், மருத்துவமனைக்குப் போகும் வழியில் இறந்தார். கையில் இருந்த கடப்பிதழில் கிம் சோல் என்று வேறு பெயர்.

அந்த வாரக் கடைசியில் நானும் மனைவியும் மகளும் திருச்சி விமானத்துக்காக அதே முனையத்தில் நின்றோம். தானியங்கிப் பதிவு இயந்திரத்தில் போர்டிங் பாஸ் அச்சாகி வருவதைப் பார்க்க மகளுக்குப் பிடிக்கும். அப்போது அவளுக்கு ஏழு வயது. அவள்தான் திரையைத் தொட்டாள், அவள்தான் சீட்டை உருவினாள். நாங்கள் திருச்சியில் இருந்தபோது, பிப்ரவரி 24 அன்று, அது வி எக்ஸ் என்ற செய்தி வெளியானது. மனைவி அன்றிரவு மகளின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் ஆகவில்லை, பின்னர் பாதுகாப்பு உடையணிந்தவர்கள் முனையத்தைச் சோதித்து ஆபத்தில்லை என்றும் அறிவித்தார்கள். ஆனால் பேரழிவு ஆயுதம் என்று உலகம் வகைப்படுத்திய ஒன்றை, ஒரு குடும்பத்தின் அரியணைக் கணக்கைத் தீர்ப்பதற்காக, குழந்தைகள் விளையாடும் பொது இடத்துக்குக் கொண்டுவந்தார்கள் என்பதை என்னால் விட்டுவிட முடியவில்லை. அதன்பின் வட கொரியத் தலைநகர் பியோங்யாங்கில் இருந்த மலேசியர்களை நாட்டைவிட்டு வெளியேறக் கூடாது என்று தடுத்தார்கள். எஞ்சிய ஒன்பது பேர் மார்ச் 31 அன்று திரும்பி வந்தார்கள், அதுவும் சடலத்தையும் தூதரகத்தில் பதுங்கியிருந்தவர்களையும் விட்டுக்கொடுத்த பிறகு.

செந்தூல் ஆசிரியர்

தங்கள் மகளின் விரல்களைப் பற்றிய வரியைப் படித்துவிட்டுச் சிறிது நேரம் எழுத முடியவில்லை. தாங்கள் சொல்வது சரியே. மாற்றம் என்பது ஒரு நாளில் முடிவதன்று. 2011 டிசம்பர் 28 அன்று தந்தையின் சவ ஊர்தியோடு பனியில் நடந்த எட்டுப் பேரில் இளைஞரான வாரிசும் ஒருவர். மற்ற எழுவரும் அவரைத் தாங்கிப் பிடிக்கப் போகிறவர்கள் என்றே வெளியுலகம் எழுதியது. அவர்களில் படைத்தளபதி ரீ யோங் ஹோ ஏழே மாதத்தில் பதவி நீக்கப்பட்டார். மாமன் முறையான ஜாங் சோங் தேக் 2013 டிசம்பரில் மரண தண்டனைக்குள்ளானார். சிப்பாங் கொலையும் அந்த வரிசையில் வருவதுதான்.

மாற்றத்துக்குப் பின் மட்டுமன்றி முன்னும் ஆபத்து இருக்கிறது. 2008 ஆகஸ்டில் கிம் ஜோங் இல்லுக்குப் பக்கவாதம் வந்தது. செப்டம்பர் 9 அன்று நாட்டின் அறுபதாம் ஆண்டு அணிவகுப்புக்கு அவர் வரவில்லை. அதன்பின்தான் மகனை அவசரமாகத் தயார்செய்தார்கள். 2010 மார்ச் 26 அன்று சியோனான் என்னும் தென் கொரியப் போர்க்கப்பல் மூழ்கி 46 மாலுமிகள் மாண்டனர். செப்டம்பரில் மகனுக்குத் தளபதி நிலை வழங்கப்பட்டது. நவம்பர் 23 அன்று தென் கொரியாவின் யோன்பியோங் தீவின்மீது வடக்கின் பீரங்கி மழை பொழிந்தது. போர் அனுபவமே இல்லாத இளைஞரைப் படைக்கு ஏற்றவராகக் காட்டும் தேவை இதில் இருந்தது என்று நான் கருதுகிறேன்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 1953 மார்ச் 5 அன்று ஸ்டாலின் இறந்தார். அதுவரை போர்க்கைதிகள் விவகாரத்தில் முடங்கிக் கிடந்த, எல்லைக் கிராமமான பான்முன்ஜோமில் நடந்த பேச்சுவார்த்தை அசையத் தொடங்கி, ஜூலை 27 அன்று கொரியப் போர்நிறுத்தம் கையெழுத்தானது. ஒரு சர்வாதிகாரியின் மரணம் ஒரு போரை முடித்துவைத்த நிகழ்வு அதே தீபகற்பத்தில் இருக்கிறது.

ஜார்ஜ் டவுன் வழக்கறிஞர்

ஆசிரியர் ஐயா, மரியாதையோடு ஒரு மறுப்பு. சியோனானையும் யோன்பியோங்கையும் வாரிசுப் பட்டாபிஷேகத்தின் பகுதியாகக் காட்டுவது கேட்பதற்குப் பொருத்தமாக இருக்கிறது. ஆனால் நீதிமன்றத்தில் நிற்காது. பன்னாட்டு விசாரணைக் குழு வட கொரிய நீர்மூழ்கிக் குண்டே கப்பலை மூழ்கடித்தது என்று முடிவு சொன்னது; பியோங்யாங் இன்றளவும் மறுக்கிறது. மேலும் அந்தக் கடற்பகுதியில் 1999-இலும் 2002-இலும் 2009 நவம்பரிலும் மோதல்கள் நடந்திருக்கின்றன. முதல் இரண்டின்போது வாரிசுப் பேச்சே இல்லை. போர்நிறுத்த ஒப்பந்தம் தரையில் கோடு போட்டதேயன்றி மேற்குக் கடலில் போடவில்லை. அங்கே ஐக்கிய நாட்டுப் படைத்தலைமை பின்னர் தானாக வரைந்த கோட்டை வடக்கு ஒருநாளும் ஏற்கவில்லை. வழக்கின் வேர் அந்த எல்லைத் தகராறு. வாரிசு விவகாரம் எவ்வளவு தூரம் போகலாம் என்ற துணிச்சலைக் கூட்டியிருக்கலாம், அவ்வளவே.

ஒருவரும் இங்கே சொல்லாத ஆபத்து ஒன்று இருக்கிறது. வாரிசு வலுவாக வந்தால் போர் வருமா என்றே கேட்கிறோம். வாரிசே நிலைக்காமல் அரசு குலைந்துபோனால் என்ன ஆகும்? அணுவாயுதக் கிடங்குகளைக் கைப்பற்றத் தெற்கிலிருந்து கொரிய, அமெரிக்கப் படைகள் மேலே போகும். வடக்கிலே ஏறத்தாழ 1,400 கிலோமீட்டர் எல்லையைக் கொண்ட சீனா வாளாவிருக்காது. 1961-இல் கையெழுத்தான பரஸ்பரப் பாதுகாப்பு ஒப்பந்தம் அதற்கு உண்டு. 1950 அக்டோபரில் அமெரிக்கப் படை சீன எல்லையிலுள்ள யாலு ஆற்றை நெருங்கியபோது என்ன செய்தது என்பதும் வரலாறு. 2024 ஜூனில் ரஷ்யாவும் அதேபோன்றதோர் ஒப்பந்தம் செய்துகொண்டது. மூன்று வல்லரசுகளின் படைகள் ஒரே கிடங்கை நோக்கி, ஒன்றோடொன்று பேசாமல், விரையும் நாளை எண்ணிப் பாருங்கள்.

பாயான் லெப்பாஸ் வாசகி

மகள் ஜூ ஏவைப் பற்றி ஒருவரும் எழுதவில்லையே. 2022 நவம்பரில் கண்டம்விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணை ஒன்றின் முன் தந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு முதன்முதலாகத் தோன்றினாள். அவளே வாரிசாகும் வாய்ப்பு மிகுதி என்று தென் கொரிய உளவுத்துறை 2024 தொடக்கத்தில் கூறியது. பதின்வயதுப் பெண் அவள். தந்தைக்கு வயது நாற்பதுகளின் தொடக்கம். தந்தை இன்னும் முப்பது ஆண்டு இருந்தால் சரி. அதற்கு முன்னரே ஏதேனும் நேர்ந்தால், அத்தை கிம் யோ ஜோங் பொறுப்பேற்று, உரிய காலத்தில் மருமகளிடம் ஒப்படைப்பாரா? நம் வீடுகளில் ஒரு கடையின் சாவியைக்கூட அப்படிக் கைமாற்றுவது எளிதாக நடப்பதில்லை.

செந்தூல் ஆசிரியர்

வழக்கறிஞர் ஐயாவின் திருத்தத்தை ஏற்கிறேன். தகராறு கடலினுடையது; வாரிசின் தேவை அதற்குக் காற்று ஊதியது. இனி அப்படியே சொல்வேன். பாயான் லெப்பாஸ் தங்கை கேட்டதற்கும் விடை ஓரளவு உண்டு: 2021 ஜனவரி மாநாட்டில் கட்சி விதிகளைத் திருத்தி, பொதுச் செயலாளரின் பிரதிநிதியாக முதற்செயலாளர் என்றொரு பதவியை ஏற்படுத்தினார்கள். இடைக்காலத்துக்கு ஒரு நாற்காலி வேண்டும் என்று அவர்களும் நினைத்திருக்கிறார்கள். அதில் அமர்வது யார் என்பதை வெளியே சொல்லவில்லை.

முதல் பதிவில் நான் சொன்ன அந்த இரண்டு நாள் மௌனத்துக்கு வருகிறேன். 2011-ஐவிட இன்று அது ஏன் கொடியது என்பதற்குக் காரணம் இரண்டு ஆவணங்கள்.

முதலாவது தென் கொரியாவினுடையது. 2016 செப்டம்பரில் வடக்கு ஐந்தாம் அணுச்சோதனை நடத்தியபோது, அணுத்தாக்குதலுக்கான அறிகுறி தெரிந்தால் பியோங்யாங்கின் தலைமையையே நேரடியாகக் குறிவைப்போம் என்று சியோல் வெளிப்படையாக அறிவித்தது. 2017 டிசம்பரில் அதற்கென்றே சிறப்புப் படைப்பிரிவையும் அமைத்தது. இரண்டாவது அதற்கு வடக்கு தந்த பதில். 2022 செப்டம்பர் 8 அன்று இயற்றப்பட்ட சட்டம், எதிரியின் தாக்குதலால் அணுப்படையின் கட்டளை அமைப்பு ஆபத்துக்குள்ளானால் அணுத்தாக்குதல் தானாகவும் உடனடியாகவும் நடத்தப்படும் என்கிறது. ஒருவர் தலையைக் குறிவைக்கிறார். மற்றவர், தலை போனால் கை தானாகவே சுடும் என்று எழுதிவைக்கிறார். தனித்தனியே பார்த்தால் இரண்டும் எதிரியை அஞ்சவைப்பதற்கான ஏற்பாடுகள். இரண்டையும் சேர்த்து, நடுவில் ஒரு மாரடைப்பை வைத்துப் பாருங்கள்.

நள்ளிரவில் தலைவர் மூச்சடைத்துக் கிடக்கிறார் என்று கொள்வோம். அறைக்குள் இருக்கும் நாலைந்து பேருக்கே அது தெரியும். ஏவுகணைத் தளத்திலிருக்கும் தளபதிக்குத் தெரிவது, மேலிடத்திலிருந்து வழக்கமான கட்டளை வரவில்லை என்பது மட்டுமே. நோயா, நஞ்சா, தாக்குதலா என்று அவர் எப்படி அறிவார்? சட்டம் தாக்குதல் என்றுதான் சொல்கிறது; ஆனால் தாக்குதலா இல்லையா என்று தீர்ப்புச் சொல்ல வேண்டியவர்தான் பேச முடியாமல் கிடக்கிறார். அதே இரவில் பியோங்யாங்கில் படைவண்டிகள் அசைவதைச் செயற்கைக்கோள் படத்தில் பார்க்கும் சியோல், அது ஆட்சிக்கவிழ்ப்பா, தற்காப்பா, தாக்குதலுக்கான ஆயத்தமா என்று எதை வைத்து முடிவு செய்யும்? 2020 ஏப்ரலில் கிம் ஜோங் உன் தம் பாட்டனாரின் பிறந்தநாள் விழாவுக்கு வராமல் போனபோது, மே 1 அன்று சுன்சோன் உர ஆலையில் தோன்றும்வரை, இறந்துவிட்டார் என்றே பல ஊடகங்கள் எழுதின. வெறும் ஊகத்துக்கே அவ்வளவு பரபரப்பு.

இத்தகைய இரவில் தேவைப்படுவது ஒரு தொலைபேசி. இரு கொரியாக்களுக்கும் இடையே நாள்தோறும் காலை ஒன்பது மணிக்கும் மாலை ஐந்து மணிக்கும் சோதனை அழைப்பு செல்லும் நேரடித் தொடர்பு இருந்தது. 2023 ஏப்ரல் தொடக்கத்தில் வடக்கு பதில் சொல்வதை நிறுத்திக்கொண்டது. முன்பும் 2016 முதல் 2018 தொடக்கம்வரை அது அறுந்திருந்தது. அந்நாள்களில் பான்முன்ஜோமில் தெற்குத் தரப்பினர் எல்லைக்கோட்டருகே நின்று, கையில் ஒலிபெருக்கியைப் பிடித்து, எதிர்ப்புறம் கேட்கும்படி செய்தியை உரக்கப் படித்தார்கள். அணுவாயுதக் காலத்தில் ஒரு நாடு இன்னொரு நாட்டோடு பேசிய முறை அது.

நம் நகருக்கும் இதில் ஓரிடம் இருந்தது. 1995 ஜூனில், ஜெனிவா உடன்பாட்டின்படி அணு உலை வழங்குவது யார் என்ற சிக்கலை அமெரிக்காவும் வட கொரியாவும் கோலாலம்பூரில் அமர்ந்துதான் தீர்த்தன. 2000 ஜூலையில் ஏவுகணைப் பேச்சும், 2002 அக்டோபரில் ஜப்பானுடனான பேச்சும் இங்கேயே நடந்தன. இரு தரப்பும் விசா தொல்லையின்றி வந்து உட்காரக்கூடிய ஊராக இது இருந்தது. 2021 மார்ச்சில், வட கொரியர் ஒருவரை நாம் அமெரிக்காவிடம் ஒப்படைத்ததை முன்னிட்டு வட கொரியர்கள் நம்மோடு உறவை முறித்தார்கள். புக்கிட் டாமன்சாராவின் ஜாலான் பத்தாயில் இருந்த தூதரகத்தில் கொடியை இறக்கி, பெயர்ப்பலகையைக் கழற்றி, பேருந்தில் ஏறி விமான நிலையத்துக்குப் போனார்கள். அந்த வீட்டைக் கடக்கும்போதெல்லாம், நம்மிடம் இருந்த அரியதொரு வாசல் மூடிக்கிடக்கிறது என்றே எனக்குத் தோன்றுகிறது. நம் வெளியுறவு அமைச்சான விஸ்மா புத்ரா அதைத் திறக்க முயல வேண்டும்.

சுங்கை பூலோ தந்தை

அதில் மட்டும் என்னால் உடன்பட முடியவில்லை ஐயா. வாசல் திறந்திருந்தபோதுதான் அந்த நஞ்சு உள்ளே வந்தது. விசா இல்லாமல் வந்து போகலாம் என்ற சலுகையைக் கொடுத்த நாடு நாம். காரியம் முடிந்ததும் நால்வர் அன்றே விமானமேறி, ஜாகர்த்தா, துபாய், விளாடிவோஸ்டோக் வழியாகப் பியோங்யாங் போய்ச் சேர்ந்தார்கள். இண்டர்போலின் சிவப்பு அறிவிக்கை வந்தும் ஒருவரும் ஒப்படைக்கப்படவில்லை. சிறையில் இருந்தவர்கள் ஓர் இந்தோனேசியப் பெண்ணும் ஒரு வியட்நாமியப் பெண்ணும் மட்டுமே; அவர்களும் 2019-இல் வெளியே வந்துவிட்டார்கள். இன்றுவரை அந்தக் கொலைக்கு ஏவியவர் எவரும் எந்த நீதிமன்றத்திலும் நிற்கவில்லை. இதைக் கேட்காமல் கொடியை மீண்டும் ஏற்ற விட்டால், அடுத்த வாரிசுச் சண்டைக்கும் இதே இடம் வசதியானது என்று நாமே சொன்னதாகாதா?

ஜார்ஜ் டவுன் வழக்கறிஞர்

தூதரகம் வேறு, பேச்சுவார்த்தைக்கு இடம் தருவது வேறு. 1995-இல் பேச்சு நடந்தபோது இங்கே வந்தவர்கள் குறிப்பிட்ட நாளில் வந்து, குறிப்பிட்ட நாளில் போனவர்கள். அப்படியொரு கூட்டத்துக்கு மண்டபம் தருவதற்கு விசா விலக்கும் வேண்டாம், தூதரகமும் வேண்டாம். அந்த நால்வர் மீதான அறிவிக்கையை விலக்கிக்கொள்ள மாட்டோம் என்பதை முதல் நாளிலேயே எழுத்தில் கொடுத்துவிட்டு அழைக்கலாம்.

சுங்கை பூலோ தந்தை

எழுத்தில் கொடுத்துவிட்டு அழைப்பதானால் எனக்கு மறுப்பில்லை. ஆசிரியர் ஐயா வாசகர் வட்டத்தின் சார்பில் விஸ்மா புத்ராவுக்குக் கடிதம் எழுதுவதாக இருந்தால், அந்த நிபந்தனை முதல் பத்தியிலேயே இருக்கட்டும், நானும் கையெழுத்திடுகிறேன்.

செந்தூல் ஆசிரியர்

முதல் பத்தியிலேயே இருக்கும். வழக்கறிஞர் ஐயா வாசகத்தைப் பார்த்துத் தர வேண்டும். சனிக்கிழமைக்குள் வரைவை இங்கே பதிவிடுகிறேன்.